வராதவர்களுக்காக ஒரு சாப்ட்வேர்

துடியலூரில் நானும் என் கணவரும் கிணற்று மோட்டார் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வந்தோம். கடைசல் வேலை, மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுவது, பொருத்துவது எல்லாம் அவர் பார்வையில் நடக்கும். போன் எடுப்பதும் பில் போடுவதும் என் வேலை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அந்தப் போன் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்காமல் போனது. லைன் கோளாறோ என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் அவர் ஏதோ தொழில் கண்காட்சிக்குப் போய்விட்டு முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். வாடிக்கையாளர் பெயர், ஊர், எப்போது வாங்கினார், எப்போது சர்வீஸ் செய்தார் என்று எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் சாப்ட்வேர் பேக்கேஜ்களை அங்கே காட்டினார்களாம்.

"நாம கஸ்டமர மறந்துபோட்டோம் கண்ணு. அதான் அவங்களும் நம்மள மறந்துட்டாங்க" என்றார்.

அதன்பிறகு அவருக்கு வேறு நினைப்பில்லை. முதலில் ரேஸ்கோர்ஸ் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். வழவழப்பான தாளில் அச்சடித்த விளக்கங்களை மேசை மேல் விரித்து, கொண்டுவந்த கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்தார். திரையில் வாடிக்கையாளரின் பேக்ஸ் நம்பர், பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் கேட்டது.

"எங்க கஸ்டமரெல்லாம் தோட்டத்துக்காரருங்க. பேக்ஸுக்கு எங்கீங்க போறது?" என்றேன்.

"விட்டுடலாம் மேடம், கட்டாயமில்லை" என்றார் அவர். ஆனால் அந்த இடத்தை நிரப்பாமல் அது அடுத்த பக்கம் போக மறுத்தது. கடைசியில் அவரே ஒரு பொய் நம்பரைத் தட்டினார்.

அடுத்து வந்தவருடையது உண்மையில் கணக்கு எழுதும் பேக்கேஜ். பின்னால் வாடிக்கையாளர் பக்கம் ஒன்றை ஒட்டவைத்திருந்தார். மூன்றாவதாக, சாய்பாபா காலனியில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதும் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். அவள் எதையும் காட்டவில்லை.

"உங்களுக்கு என்ன தெரியோணுங்கக்கா?" என்று கேட்டாள்.

"பழைய கஸ்டமர் ஏன் வர்றதில்லைன்னு தெரியோணும்" என்றார் என் கணவர்.

"யார் வர்றதில்லைன்னு பேக்கேஜ் சொல்லுமுங்கண்ணா. ஏன்னு அது சொல்லாது. அதை நீங்கதான் போய்க் கேக்கோணும்."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்று ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் முதுகே சொன்னது. இருந்தாலும் அந்த வாரமே கிணத்துக்கடவுக்குக் கிளம்பினோம். எங்களிடம் தொடர்ந்து மோட்டார் வாங்கிய ஒரு தென்னந்தோப்புக்காரர் வீடு அங்கே இருந்தது.

"வாங்க வாங்க. ஏனுங்க, இந்த வெயில்ல வந்திருக்கீங்க!" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். என் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நம்ம மோட்டார்ல ஏதாச்சும் கொறைங்களா?"

தோப்புக்காரர் எங்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். எட்டிப் பார்த்தேன். அடியில் வெறும் பாறை. பாதிக் கிணற்றில், கல்திட்டின் மேல், எங்கள் மோட்டார் சாக்குப் போர்த்தி இருந்தது.

"மோட்டாருக்கு ஒரு கொறையும் இல்லீங்க. தண்ணிதானுங்க இல்ல. போர் போட்டு கம்ப்ரசர் வெச்சிருக்கறேன். அதுவும் வந்தா வரும், இல்லைன்னா இல்ல. உங்க மோட்டார எடைக்குப் போட மனசு வல்லீங்க, அப்படியே வெச்சிருக்கறேன்."

அவர் குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனி இருந்தது, ஏதோ அவர்தான் எங்களுக்குத் தீங்கு செய்துவிட்டதுபோல. அங்கிருந்து கிளம்பி இன்னும் இரண்டு தோட்டங்களில் இறங்கினோம். அங்கேயும் அதே உபசரிப்பு, அதே காய்ந்த கிணறு. போர்க்குழிக்குள் இறக்கும் மோட்டார் செய்ய வேறு மெஷின்கள் வேண்டும். அதற்குக் கடன் கேட்டபோது பேங்கில் முன்பே கையை விரித்திருந்தார்கள்.

திரும்பும்போது ஈச்சனாரியில் டீ குடிக்க நிறுத்தினார். கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு எழுதறது நல்லா இருக்கும். ஆனா டை கட்டினவரோடதுல வருசா வருசம் சர்வீஸ் ஞாபகப்படுத்தற வசதி இருக்குது. எதை எடுக்கலாம்?" என்றார்.

"ஏனுங்க, யாருக்குங்க ஞாபகப்படுத்தப் போறோம்? நீங்களுந்தானே கெணத்தப் பாத்தீங்க?"

அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"பாத்தேன் கண்ணு. எனக்குத் தெரியாதா? இதையும் பாக்கலைன்னா நான் காலைல எந்திரிச்சு என்னத்தப் பாக்கறது?"

அந்தப் பெண்ணிடமே எழுதச் சொன்னோம். சொன்னபடி முடித்து, அதற்கென்று நாங்கள் வாங்கிய கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். நான் பழைய பில்களைப் பார்த்து ஒவ்வொரு பெயராக ஏற்றினேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்ப்பெயரில் எழுத்துப்பிழை திருத்துவார். வெளியே கடைசல் மெஷின் நின்றுபோய், பட்டறை நடை சாத்திய கோயில்போல இருக்கும். குறை சொல்லவே முடியாத பேக்கேஜ் அது. ஊர் பெயரைத் தட்டினால் அந்த ஊர் வாடிக்கையாளர் எல்லாரும் திரையில் வரிசையாக வருவார்கள். புது ஆர்டர் பக்கத்தைத் திறந்தால் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

பட்டறையை மூடினோம். மெஷின்கள் போயின. கம்ப்யூட்டரை என் தம்பி எடுத்துக்கொண்டு போனான். அவர் சூலூரில் ஒரு தறி உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது.

தொண்ணூற்றொன்பதின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் போன் அடித்தது. அவர்தான் எடுத்தார். புரோகிராம் எழுதிக் கொடுத்த அந்தப் பெண்தான் பேசினாள். ரெண்டாயிரம் பிறந்தால் பேக்கேஜில் தேதி குழம்பிவிடும், வந்து இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்றிருக்கிறாள்.

"ஆமா, அதைச் சரி பண்ணித்தானே ஆகோணும்" என்று ஆரம்பித்தார். சர்வீஸ் தேதி தானாகவே வரவேண்டும், பொள்ளாச்சிப் பக்கத்துப் பெயர்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே போனார். எத்தனையோ மாதங்களாக நான் கேட்காத குரல் அது. அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அடுத்த ஞாயித்துக்கெழம வரச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு கம்ப்யூட்டர் என்று ஒன்று வீட்டில் இல்லை என்பது அவர் முகத்தில் மெதுவாக இறங்குவதைப் பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் அவர் சூலூர் பஸ் ஏறிய பிறகு, நான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.