கோகிலாவோட காலும் என் கடை சாவியும்

இன்னிக்கு நான் பதினாலு கிலோமீட்டர் நடந்தேன்!

நானேதான். (ஏழு மாசத்துக்கு முன்னால ஆஸ்பத்திரில படுத்திருந்த அதே ராணி!)

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். ஈப்போவுல எனக்கு ரோட்டோரமா ஒரு தோசை ஒட்டுக்கடை இருக்கு. ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சதும் எங்க வீட்டுக்காரரு கடையப் பூட்டி சாவிய எடுத்து வச்சுக்கிட்டாரு.

டாக்டரே "நல்லா நடங்க, வேலைக்குப் போலாம்"னு சொல்லிட்டாரு. இவரு கேக்கணுமே! ஒரு வாளி தண்ணி தூக்க விடமாட்டாரு.

போன வாரம் பெரிய சண்ட. "பதினாலு கிலோமீட்டர் நடந்து காட்டறேன், சாவிய குடுங்க"ன்னேன்.

"நட, பாப்போம்"னாரு.

துணைக்கு என் கூட்டாளிங்க மூணு பேரு. தினமும் பார்க்குல ஓடற சரசு அக்கா. பல் கிளினிக் கவுண்டர்ல இருக்கற மேரி. அப்புறம் கோகிலா. (கொசு கடிச்சா கூட ஊரக் கூட்டற ஆளு!)

காலைல ஏழு மணிக்கு எங்க வீட்டுக்காரரு கார்ல கொண்டாந்து, கோலா கங்சார் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துல எங்கள எறக்கிவிட்டுட்டு, பதினாலு கிலோமீட்டர் தள்ளி டவுன்ல கோப்பி கடைல காத்திருக்கேன்னு காடிய எடுத்துட்டுப் போயிட்டாரு.

அடடா, என்னா அழகு! பால் மரத்துக்கு நடுவுல பனி அப்படியே நிக்குது. கொஞ்ச தூரம் போனா செம்பனைத் தோட்டம். அதத் தாண்டினா ஆறு. காத்து ஜில்லுனு மூஞ்சில அடிக்குது.

ஒரு மலாய்க்கார பாக்சிக், வயசானவரு, மோட்டார் சைக்கிள நிறுத்தி, "காடி கெட்டுப் போச்சா?"ன்னு மலாய்ல கேட்டாரு. சும்மா நடக்கறோம்னு சொன்னா நம்பவே இல்ல!

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆனா இந்த மூணு பேரு இருக்காங்களே...

அர மணி நேரம் கூட ஆகல, மேரி செருப்புல கல்லு. உக்காந்துட்டா.

அப்புறம் சரசு அக்காவுக்கு மூச்சு வாங்குதாம். (தினமும் ஓடறவங்களுக்கு!)

அப்புறம் கோகிலாவுக்கு தொடை புடிச்சுக்கிச்சு. மறுபடி மேரிக்கு கல்லு.

"என்னலா, ஹார்ட் பேஷண்ட் நானா நீங்களா?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெரும! இவங்களுக்காக நான்தான் நின்னு நின்னு போறேன் பாருங்க.

என் பையக் கூட மேரி வாங்கிக்கிட்டா. போன் அதுக்குள்ள.

இன்னொண்ணு. எங்க வீட்டுக்காரரு ஒரு கால் கூட பண்ணல! வழக்கமா நான் மார்க்கெட் போனாலே நாலு தடவ கூப்பிடற மனுஷன். என்மேல நம்பிக்க வந்துருச்சுன்னு நெனச்சேன்.

கடைசி ஒன்றர கிலோமீட்டர். ஒரு எறக்கத்துல கோகிலா "ஐயோ!"ன்னு உக்காந்தா.

மேரி திரும்பிப் பாத்துட்டு, "போதும் கோகி, ஓவர் ஆக்டிங்!"னா. சரசு அக்கா வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கறாங்க. "நீங்க மெதுவா வாங்க, நாங்க போய் தண்ணிக்கு ஆர்டர் குடுக்கறோம்"னு ரெண்டு பேரும் நடையக் கட்டிட்டாங்க!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஒங்களுக்கெல்லாம் மனசே இல்லையா?"ன்னு கத்தினேன். காதுல விழல.

கோகிலா கண்ணுல தண்ணி. "இது நெசம்டி, சத்தியமா இது நெசம்!"

"பின்ன எதுடி பொய்?"

அவ குனிஞ்சு கால அமுக்க ஆரம்பிச்சா.

என் போன் மேரிகிட்ட. கோகிலா போன்லயும் சார்ஜ் இல்ல. (காலைலருந்து அப்படி என்னத்த தட்டிக்கிட்டே இருந்தாளோ!)

அவ பைய என் முதுகுல மாட்டினேன். அவ கைய என் தோள்ல போட்டுக்கிட்டேன். பத்தடி நடப்போம், நிப்போம். பயமா இருந்துச்சு, பொய் சொல்லல. நெஞ்சுல கைய வச்சுப் பாத்தேன். நல்லாத்தான் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

கோப்பி கடை வாசல்ல எங்களப் பாத்ததும் எங்க வீட்டுக்காரரு நாற்காலியத் தள்ளிட்டு ஓடி வந்தாரு.

மேரி மட்டும் உக்காந்தபடியே, "கோகி, முடிஞ்சிருச்சுலா, நடிப்ப நிறுத்து!"ன்னா.

கோகிலா ஷூவக் கழட்டினா. கணுக்கால் புளிச்ச மாவு மாதிரி பொங்கியிருக்கு!

மேரி சட்டுனு எந்திரிச்சு நின்னா.

"நடிப்பா? என்ன நடிப்பு?"ன்னு கேட்டேன்.

சரசு அக்கா கூரையப் பாக்கறாங்க. எங்க வீட்டுக்காரரு தேத்தண்ணியக் கலக்கறாரு. (அதுல சீனியே இல்ல!)

மேரிதான் போன நீட்டினா. ஒரு வாட்ஸ்அப் குரூப். பேரு "ராணி காவல் படை". எங்க வீட்டுக்காரரு ஆரம்பிச்சது. எனக்கு ஓய்வு குடுக்க அர மணி நேரத்துக்கு ஒருத்தர் வலின்னு உக்காரணும், அது எனக்குத் தெரியக்கூடாது. "மேரி, கல்லு. ராணி மொகம் நல்லாருக்கு." "சரசு, மூச்சு. ராணி தண்ணி குடிச்சா." எல்லாம் அவருக்குப் போயிருக்கு.

எனக்கு அசிங்கமாப் போச்சுங்க. நான் நடந்தேன்னு நெனச்சேன், இவங்க என்னை நடத்திக் கூட்டிட்டு வந்திருக்காங்க. அழுதுட்டேன், கடைல எல்லாரும் பாக்க.

அப்பதான் ஐஸ் பையில கால வச்சிருந்த கோகிலா சொன்னா: "அண்ணே, கடைசி ஒன்றர கிலோமீட்டர் யாரும் நடிக்கல. ராணி என்னையும் சொமந்துதான் வந்தா."

அவரு சட்டப் பாக்கெட்லருந்து எடுத்து மேசைல வச்சாரு.

கடை சாவி.

காலைலருந்து பாக்கெட்லயே வச்சிருந்திருக்காரு மனுஷன்!

கோகிலாவுக்கு சுளுக்குதான், எலும்புக்கு ஒண்ணுமில்ல. கிளினிக்ல கட்டுப் போட்டாச்சு. காவல் படைக்கு நன்றி. (மேரி, ஒனக்கு மட்டும் ரெண்டு நாள் கழிச்சு!)

புதன்கிழம கடை தொறக்கறேன், வாங்க. இந்த மூணு பேரும் ஒத்தாசைக்கு வாராங்களாம்.

ஆனா ஒண்ணு. என் கடைல யாருக்காவது கால் வலிச்சா, டாக்டர் எழுதிக் குடுத்த எம்.சி. காட்டணும்!