நாத்தக் கிழங்கும் மீன்கூடையும்

"இந்தத் தடவையும் காய் பிடிக்கலைன்னா எல்லாத் தொட்டியையும் கொட்டிடுங்கம்மா" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கும்பகோணம் பக்கத்தில் அவருடைய நர்சரியில் கள்ளி மாதிரியான சதைப்பற்றுச் செடிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவர் கொட்டச் சொன்னது அதில் ஒரு கிழங்குச் செடியை. ஆங்கிலப் பெயர் எனக்கு வாயில் நுழையாது. நாங்கள் வைத்த பெயர் நாத்தக் கிழங்கு. பூ விரிந்தால் செத்த எலி வாடை அடிக்கும்.

நம் களிமண்ணில் அந்தக் கிழங்கு அழுகிப்போகும். கொள்ளிடத்து மணலும் செங்கல் தூளும் கலந்து, தண்ணீரைக் கணக்காக விட்டு, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தேன். பூத்தது. காய் மட்டும் இல்லை. கிழங்கை வெட்டி நட்டால் அழுகிவிடும்; விதையில்லாமல் அதைப் பெருக்கவும் வழியில்லை.

வாங்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அதனால் காலையும் மாலையும் ஷெட்டில் சாம்பிராணி போடச் சொன்னார் முதலாளி. எனக்கும் அது பூஜை செய்வதுபோல நிறைவாக இருந்தது.

ஒருநாள் மீன் விற்கும் செல்வி வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"என்னக்கா, என் கூடையவிட ஒங்க செடி நாறுது! ஆனா ஈ பூரா என்கிட்டதான் மொய்க்குது. ஒங்க பக்கம் ஒண்ணுகூடக் காணுமே?"

சுரீர் என்றது எனக்கு. பூ நாறுவதே ஈயைக் கூப்பிடத்தான். ஈ வந்தால்தானே மகரந்தம் பூவுக்குப் பூ போகும்? வந்த ஈயை நாங்களே புகைபோட்டு விரட்டியிருக்கிறோம்.

நான் சைவம். மீன்கூடையைக் கண்டால் ஒதுங்கி நிற்பேன். அன்று, "செல்வி, கூடையை உள்ள கொண்டாந்து இறக்கு" என்றேன்.

"இன்னைக்குப் பிரதோஷமாச்சேக்கா!"

"சிவன் கோவிச்சுக்க மாட்டாரு. நீ வா."

முதலாளி பதறினார். "ஷெட்டுக்குள்ள மீனா? யாவாரம் என்னத்துக்கு ஆவறது?"

"பூ வாடுற வரைக்கும் பொறுத்துக்குங்க. சாம்பிராணி வேணாங்க. ஈ வந்துடுச்சு, பாருங்க."

பூ வாடும்வரை செல்வி தினமும் மீன் கழுவிய தண்ணீரைத் தொட்டிகளைச் சுற்றித் தெளித்துவிட்டுப் போனாள். என் புடவையெல்லாம் அந்த வாடைதான். வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகே விளக்கேற்றினேன்.

ஒரு காலையில் பார்த்தால், பூ உதிர்ந்த காம்பில் ஆட்டுக்குட்டிக் கொம்புபோல ஜோடிக் காய்! "முருகா!" என்று கத்திவிட்டேன். முதலாளி செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"எந்தத் தொட்டியிலம்மா?"

"பூத்த தொட்டி எல்லாத்துலயுங்க!"

காய் வெடித்ததும் எருக்கம்பஞ்சுபோல விதை பறக்கப் பார்த்தது. ஒன்றையும் விடவில்லை. விதைத்தேன். தட்டு நிறைய முளைத்து நின்றது. அன்று நான் நடந்த நடையே வேறு.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். செடிக்கு யார் வேண்டும் என்று பாருங்கள். நமக்கு யார் பிடிக்கும் என்று பார்க்காதீர்கள். அந்த ஈயையும் ஆண்டவன்தான் அனுப்புகிறான்.