பெயர் வெட்டிய பித்தளைத் தட்டு

சரோஜா போன செய்தி வந்தபோது நான் வடக்கு மாட வீதியில் பூக்காரியிடம் வில்வம் வாங்கிக்கொண்டிருந்தேன். அன்று பிரதோஷம். கைபேசியில் எங்கள் நடைத்தோழி வசந்தா. "மாமி, நம்ம யானை சரோஜா போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றாள்.

யானை சரோஜா. சாவுச் செய்தியிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு வந்தது. "எப்போ எடுக்கறா?" என்று கேட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டேனே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் பூங்காவில் எங்களோடு காலையில் நடப்பவர்கள். மீதிப் பேர் அவருடைய சைதாப்பேட்டை உறவினர்கள். அவர் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை "சரோஜா, வா, போ" என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை "மாமி, நீங்க" என்பார். இப்போது எழுத உட்காரும்போதுதான் "அவர்" என்று எனக்குக் கை வருகிறது.

கல்லூரியில் இருந்த நாளில், மாணவிகளோடு பாசியும் பெரணியும் சேகரிக்க மேற்கு மலையில் ஒரு காட்டுக் குடிலுக்குப் போய்வந்து பழகியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் வருடத்துக்கு மூன்று நாள் அங்கே தங்க வனத்துறையினர் அவருக்கு அனுமதி கொடுத்துவந்தார்கள். பதினோரு வருடத்துக்கு முன் வசந்தாவையும் என்னையும் உடன் அழைத்துப் போனார். கல்யாணமான பிறகு வீட்டு மனிதர்கள் இல்லாமல் நான் வெளியே தங்கியது அந்த ஒரு முறைதான். என் கணவரிடம் அனுமதி வாங்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

ஜீப் போகும் வரை ஜீப், அப்புறம் இரண்டு மணி நேர நடை. பலகைச் சுவர், தகரக் கூரை, மின்சாரம் கிடையாது. கூப்பிடு தூரத்தில் ஓடை. அங்கே காவலுக்கு இருந்தவர் மாதன் என்ற மலைக்காரர். போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் சரோஜா ஒரு ஈரப்பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "மாமி, இங்க வாங்க. கோயில் கீது பாருங்க" என்று கூப்பிட்டார். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். பாசிக்கு மேலே நூல் போன்ற காம்புகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டிக் கலசம். "கும்பாபிசேகம் டெய்லி நடக்குது. ஐயரு தேவையில்ல" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. கண்ணாடியை மட்டும் உடனே திருப்பித் தரவில்லை.

அங்கே ஒரே ஒரு விதி. தின்பண்டம் எதையும் குடிலுக்குள் வைக்கக் கூடாது. எல்லாம் மாதன் தங்கும் கல் கட்டட அறைக்குப் போய்விட வேண்டும். அதற்குக் கனத்த இரும்புக் கதவு உண்டு. "இங்க நாம விருந்தாளிங்க. ஊட்டுக்காரங்க காட்டுக்குள்ள கீறாங்க" என்பார் சரோஜா. மாதன் வாசலில் நின்று என்னைக் கேட்டார்: "அம்மா, வெல்லம், பழம், உப்பு, உள்ள ஏதும் இருக்குங்களா?"

எதையும் எழுதிவைத்துச் செய்கிறவள் நான். அரிசி முதல் கடுகு வரை எழுதியிருந்த பட்டியலை அவரிடம் நீட்டினேன். "இதுல இருக்கறது எல்லாம் குடுத்தாச்சு. உள்ளே ஒண்ணும் இல்லை" என்றேன்.

பொய் சொல்கிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தடுப்புக்குப் பின்னால், நான் படுக்கும் மூலையில், சின்னப் பிள்ளையார் படத்தை வைத்திருந்தேன். அவருக்கு எதிரே பித்தளைத் தட்டில் ஒரு சீப்பு மலைப்பழம், இரண்டு அச்சு வெல்லம், ஒரு தேங்காய். மேலே துணி மூடியிருந்தது. மூன்று நாளும் வைத்து, இறங்குகிற அன்று எல்லோருக்கும் பிரசாதமாகக் கொடுப்பதாக எண்ணம். அது சுவாமியுடையது. நாம் தின்கிற சாமானோடு சேர்த்து அதை நான் என்றைக்கும் எழுதியதில்லை. யானைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் காலை நாங்கள் மூவரும் ஓடையில் குளித்துக்கொண்டிருந்தோம். மேலே பலகை முறியும் சத்தம். மாதன் தகரத்தைத் தட்டிக் கத்தினார். நாங்கள் பாறைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு பார்த்தோம். ஒற்றை யானை, என் மூலைச் சுவரைப் பெயர்த்துவிட்டுத் துதிக்கையை உள்ளே விட்டு நிதானமாகச் சாப்பிட்டது. பிறகு எங்கள் பக்கம் பார்க்காமலே காட்டுக்குள் போய்விட்டது.

முதலில் உள்ளே போனவர் சரோஜா. பின்னாலேயே நான். அவர் தரையிலிருந்து நசுங்கிய தட்டை எடுத்தார், திருப்பினார், விளிம்பில் வெட்டியிருந்த என் பெயரைப் படித்தார். என்னைப் பார்த்தார். வசந்தா வாசலுக்கு வருவதற்குள் தட்டு அவருடைய துணிப்பைக்குள் போய்விட்டது.

மாதன் வயர்லெஸ்ஸில் சொல்லி, மத்தியானம் வனத்துறை ரேஞ்சர் வந்தார். வந்ததும் மாதனைப் பிடித்துக்கொண்டார். "உன்னை எதுக்கு இங்கே வெச்சிருக்கு? கேக்க மாட்டியா?"

"கேட்டேன் சார். ஒண்ணும் இல்லன்னு…" மாதனின் கண் என் பக்கம் வந்தது. அந்த மனிதரின் வேலையே போயிருக்கும். நான் குனிந்து புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன்.

"அவரு கேட்டாரு சார். மாமி லிஸ்ட்டும் கரெக்ட்டு. இவங்களுக்குத் தெரியாம நான்தான் வெல்லமும் வாயப்பயமும் வெச்சேன். காலைல பசிக்கும்னுட்டு" என்றார் சரோஜா.

"இத்தனை வருஷமா வரீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"புத்தி கெட்டுப்போச்சு சார்."

ரேஞ்சர் ஒன்றும் கூச்சல் போடவில்லை. பதிவேட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினார். இனி அவருக்கு அனுமதி கிடையாது என்றார். சரோஜா கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய், அந்த ஈரப்பாறை பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அதற்குப் பிறகு சாகும் வரை அவர் அந்த மலைக்குப் போகவில்லை.

இறங்கும்போது வசந்தா முன்னால் நடந்தாள். "ஏன் அப்படிச் சொன்னே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மாமி, நீங்க மொத தபா ஊட்ட வுட்டு வெளிய வந்துகிறீங்க. மாமாவுக்குத் தெரிஞ்சா இன்னொரு தபா மாட வீதியத் தாண்ட வுடுவாரா? எனுக்கு இன்னா, நான் நெறைய பாத்துட்டேன்."

அப்படி அவர் காப்பாற்றிக் கொடுத்ததை நான் ஒரு நாள்கூட உபயோகிக்கவில்லை. அதன் பிறகு நான் எங்கும் போகவில்லை. என் பாத்திரக் கணக்கில், "தட்டு ஒன்று, வழியில் தொலைந்தது" என்று எழுதினேன். வந்தது பிள்ளையாரே, அது தரிசனம் என்றும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தத் தரிசனத்துக்காகத் தண்டனை அனுபவித்தவர் வேறொருவர்.

வசந்தா அங்கே காதால் கேட்டதைத்தான் உங்களிடம் சொன்னாள். அவள்மேல் குற்றமில்லை. நீங்களும் உடனே நம்பினீர்கள். சைதாப்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, உரக்கச் சிரித்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போகிற சரோஜா செய்திருப்பார் என்று நம்புவது சுலபம். பட்டியல் போடுகிற மாமி செய்திருப்பாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பூங்காவில் யார் கையில் வாழைப்பழம் இருந்தாலும், "சரோஜா, பின்னாடி பாரு, வருது" என்பீர்கள். அவர் துதிக்கை மாதிரி கையை ஆட்டிக் காட்டுவார். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பியதில்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

ஏனென்றால் ஒரு நவராத்திரியில் அவர் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்தபோது, என் சம்பந்தி மாமியிடம் நானே சொன்னேன்: "இவாதான் யானை சரோஜா. கதை கேட்டிருப்பேளே!" சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு கூசியது. கூடம் முழுக்கச் சிரிப்பு. கூட நானும் சிரித்தேன். அவர் நெற்றியில் குங்குமத்தை வைத்துக்கொண்டு, "ஆமாம்மா, நான்தான். சீக்கிரம் சுண்டல் குடுங்க, யானைக்குப் பசிக்குது" என்றார். போகும்போது வாசலில் என் கையைப் பிடித்து, "உப்பு கம்மி மாமி" என்றார்.

காரியம் முடிந்த மறுநாள் சைதாப்பேட்டைக்குப் போனேன். அவருடைய தங்கை மகன் குமார் துணி துவைக்கும் கல்லருகே கூட்டிப்போனார். சொட்டுகிற குழாய்க்குக் கீழே என் தட்டு. நசுங்கிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, சுற்றிலும் பாசி படர்ந்திருந்தது. பக்கத்தில் அந்தப் பூதக்கண்ணாடி. மலைக்குப் போக முடியாதவர் சைதாப்பேட்டைப் பாசியை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

குமார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உங்க பேர் போட்டிருக்கு மாமி. பெரியம்மா கேக்காம எடுத்தாந்துட்டாங்களோ என்னவோ. தப்பா நெனச்சிக்காதீங்க."

"இல்லப்பா, நான்தான் குடுத்தேன்" என்றேன். குமார் தட்டையும் பூதக்கண்ணாடியையும் என் கையிலேயே கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கற்பூரம் ஏற்றினேன். கை கூப்ப முடியவில்லை. செத்தவருக்குத் திருட்டுப் பட்டம் வராமல் பார்த்துக்கொண்டேன் என்று நினைத்தேன். அங்கேயும் காப்பாற்றிக்கொண்டது என்னைத்தான். அதனால் குமார், இந்த மலரிலேயே சொல்கிறேன்: தட்டை நான் கொடுக்கவில்லை. என் மானத்தை மறைக்க உங்கள் பெரியம்மா எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். வனத்துறை அலுவலகத்துக்கும் மாதனுக்கும் நடந்ததை எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். சரோஜா உயிரோடு இருக்கும்போது போயிருக்க வேண்டிய கடிதம் அது. என் கணவரும் அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினோரு வருடம் நான் பயந்தது அவ்வளவுக்குத்தான்.

தட்டு இப்போது எங்கள் கொல்லைக் குழாயடியில் இருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கவில்லை. காலையில் குளித்ததும், விளக்கேற்றுவதற்கு முன்னால், பாசிக்கு ஒரு கை தண்ணீர் தெளித்துப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். இந்தப் பாசியில் இன்னும் கலசம் வரவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி அவரைச் சரோஜா என்று மட்டும் சொல்லுங்கள். அந்த இன்னொரு பெயர் இல்லாமல் பூங்காவில் பேச்சு ருசிக்காது என்றால், நாளைக் காலை நான் நடக்க வரும்போது என்னை அப்படிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கிறேன்.