வண்டிக்கு ரத்த டெஸ்ட்

அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் லாரிக்கு என்னைவிட வயது அதிகம். முதலமடைத் தோட்டங்களிலிருந்து பொள்ளாச்சிக்கு மாங்காய் ஏற்றும் வண்டி. முந்தின சீசனில் அது பாதி வழியில் படுத்துவிட்டதிலிருந்து அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. விற்றுவிட்டு அத்தா துபாய்க்கு டிரைவராகப் போகட்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். அத்தா இல்லாத வீட்டை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொழிஞ்சாம்பாறையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, சமரசத்துக்கு வந்தார்.

“ஓடுன ஆயில கோயமுத்தூர் லேபுக்கு அனுப்பிப் பாக்கலாமுங்க மச்சான். ரத்த டெஸ்ட் மாதிரித்தான். ஆயில்ல இரும்புத்தூள் ஜாஸ்தியா இருந்தா என்ஜின் உள்ள தேயுதுன்னு அர்த்தம். அப்ப வித்துருங்க. இல்லாட்டி வெச்சுக்கோங்க.”

இருவரும் சம்மதித்தார்கள்.

ரத்த டெஸ்ட் எனக்குத் தெரியாததா? அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்தே சீனியைத் தொடமாட்டாள், வெந்தயத் தண்ணீராகக் குடிப்பாள். டாக்டர் சபாஷ் என்பார். திரும்பும் வழியிலேயே பேக்கரியில் அல்வா. டெஸ்ட் என்றால் கொஞ்சம் ஒப்பேற்றித்தான் ஆகவேண்டும் என்பது எங்கள் வீட்டு நடைமுறை. பாவம், வண்டிக்கு அதை யார் செய்வது?

என்ஜின் சூட்டோடு அத்தா எடுத்துவைத்த ஆயில், வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலில் ஜன்னலோரம் இருந்தது. திறந்து பார்த்தேன். கன்னங்கரேலென்று இருந்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, டின்னில் இருந்த புது ஆயிலை ஊற்றி இறுக்க மூடினேன். மாமா அப்படியே டேப் ஒட்டி அனுப்பிவிட்டார்.

அந்த ஒரு வாரம் நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. போன் அடித்தால் ஓடினேன், பைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினேன். கணக்கு டீச்சர் இரண்டு தடவை என்னைப் பெஞ்சுமேல் ஏற்றினார்.

கடைசியில் மாமா வந்து தாளை அத்தாவிடம் நீட்டினார். “வண்டியில ஊத்தாத புது ஆயிலுன்னு எழுதியிருக்காங்க மச்சான்.”

அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. “விக்க மனசில்லீன்னா சொல்லியிருக்கலாமுங்க. என்னய எதுக்குங்க ஏமாத்துறீங்க?” என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அத்தா என்னைப் பார்த்தார். பிறகு, “நாந்தான் மாத்துனேன்” என்றார்.

மறுபடி அனுப்பிய ஆயிலில் இரும்பு அளவுக்கு மீறி இருந்தது. லாரியை விற்றார்கள். அடுத்த மாதமே விசாவும் வந்துவிட்டது.

அத்தா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். எனக்கு முன்போ பின்போ அவரும் ஒரு தடவை மாற்றியிருக்கிறார், ஆகவே தப்பு என்மேல் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் அம்மாவை அவர் அழவைத்ததை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. விமானம் ஏறும் நாள்வரை அத்தாவிடம் நான் முகம்கொடுத்துப் பேசவே இல்லை.