மாமி வீட்டுப் படியில் பச்சைச் செருப்பு

செருப்பு வாங்குவதென்றால் பாதத்தைப் பின்னேரத்தில்தான் அளக்க வேண்டும். காலையில் அளந்தால் பாதம் சின்னதாகக் காட்டும். பின்னேரம் அது வேறு பாதம். இதை நான் கண்டுபிடித்த அன்று வீட்டில் யாரும் அதைப் பெரிய செய்தியாக எடுக்கவில்லை. "நல்லம்" என்று சொல்லிவிட்டு அம்மா மீன் கழுவப் போய்விட்டார்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வயலுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. மதியம் தாண்டினால் இரண்டு பாதமும் ஊதிவிடும். விரலால் அழுத்தினால் விழும் குழி மறைய நேரம் எடுக்கும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, ஆனால் நடக்காமலும் இருக்கக் கூடாது என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லியிருந்தார். அப்பாவிடம் இருந்ததோ இரண்டு இலக்கம் பெரிய ரப்பர் செருப்பு. நீளம்தான் கூட, அகலம் இல்லை. குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் வெளியே நீட்டி நிற்கும், முன்னால் பட்டி சதையை வெட்டும்.

நான் பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருந்தேன். களுவாஞ்சிக்குடியில் ஒரு டியூட்டரியில் கணிதம் படிப்பித்த நேரம் போக மிச்சத்தையெல்லாம் அந்தப் பாதங்களுக்குக் கொடுத்தேன். கலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் அப்பாவை நிற்க வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்தேன். உட்கார்ந்தபடி அளந்தால் அளவு பிழையாகும். உடம்பின் பாரம் இறங்கினால்தான் பாதம் விரியும். இடது கால் வலதைவிட அரை விரல் அகலம். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். மேலே இறுக்கவும் தளர்த்தவும் ஒட்டுப்பட்டி வேண்டும், பின்னால் குதியைப் பிடிக்க இன்னொன்று.

மட்டக்களப்பு டவுனில் நாலு கடை ஏறி இறங்கினேன். "ரெண்டு நாள் போட்டா இளகிரும்" என்றார்கள் நாலு கடையிலும். வீங்கிய கால் இளகும்வரை காத்திருக்காது என்று விளக்கத் தொடங்கினால் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்கள். கடைசியில் ஒரு லீவு நாளில் ஓட்டமாவடிவரை போனேன். அங்கே ஒரு கடைக்காரர் கலண்டர் தாளை வாங்கி மேசையில் விரித்தார்.

"எல்லாரும் கடைக்குக் காலக் கொண்டு வருவாங்க. நீங்க கடதாசியக் கொண்டு வந்திருக்கீங்க தங்கச்சி."

"அந்தக் கால் ரெண்டு பஸ் மாறி வராது நானா" என்றேன்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அதுவும் சரிதான்." உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்து, செருப்பைக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தார். கோடு முழுவதும் செருப்புக்குள் மறைந்தது. "சைஸ் இருக்கு. நிறம்தான் இது ஒண்டுதான்."

கிளிப்பச்சை. பட்டிகளும் அதே பச்சை.

"என்ன மகள், ரெண்டு கிளியப் புடிச்சிக் கொணந்திருக்காய்" என்றார் அப்பா. போட்டுக்கொண்டு முற்றத்தில் ஒரு சுற்று வந்தார். இரண்டாவது சுற்றில் கேலியை நிறுத்திவிட்டார். மூன்றாவது சுற்று கேட்காமலே வந்தார். ஒரு குறைதான்: குனிந்து குதிப் பட்டியைப் போட அவருக்கு எட்டாது. அதை நான் போட்டுவிடுவேன்.

அடுத்த கிழமையிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் களுவாஞ்சிக்குடிக்குப் பஸ்ஸில் போய் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வரத் தொடங்கினார். "இண்டைக்கு எவ்வளவு நேரம் அப்பா?" என்று கேட்டு ஃபோனில் குறித்துக்கொள்வேன். முதல் மாதம் அரை மணித்தியாலம். மூன்றாம் மாதம் ஒன்றரை. டியூட்டரியில் பிள்ளைகளுக்கு வரைபு படிப்பித்தபோது அப்பாவின் நடையைத்தான் உதாரணமாகக் கீறினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அதற்கு முந்திய வருடம் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். சொந்தக்காரர் ஒருவரின் புது வீட்டுக் குடிபூரலில், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம், அப்பாவின் அக்கா, என் மாமி, சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பிக்குக் கால் ஊதினது சீனியாலயெண்டா நம்புறீங்க? அந்தக் காலத்தில குடிச்ச குடி." அப்பா சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு எழுந்தார். "இந்தக் கால் இனி உன்ட வாசல மிதிக்காது."

அந்த வாசல் அவர் பிறந்த வீட்டு வாசல். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும்; ஆண்கள் கல்யாணம் கட்டிய இடத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் அவர் விட்டது சின்னதல்ல என்று எனக்குத் தெரியும். நானும் சின்னதாக விடவில்லை. மாமியின் மகள், என் மச்சாள், முதலாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். அவளுடைய இலக்கத்தை அன்றிரவே ஃபோனில் தடுத்தேன். இரண்டு மாதத்தில் அவளுக்குக் கல்யாணம். தோழியாக நிற்க வேண்டியவள் நான். அப்பா போகவில்லை, நானும் போகவில்லை. அதற்குத் தைத்த சட்டை இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

இனி அந்தப் பின்னேரம். டியூட்டரி முடிந்து வரும்போது பிரதான வீதியில் லொறியொன்று குறுக்கே பழுதாகி நின்றது. ஸ்கூட்டரை ஆற்றங்கரை வீதிக்குத் திருப்பினேன். மாமி வீட்டைக் கடக்கும்போது பார்ப்பதில்லை என்பது என் வழக்கம். ஆனால் கிளிப்பச்சை பார்க்காதவர் கண்ணிலும் படும்.

படியில் நின்றது. ஒரு சோடி.

ஸ்கூட்டரை மதிலோரம் விட்டு, திறந்திருந்த கேற்றுக்குள் போனேன். ஜன்னலுக்குள்ளிருந்து மாமியின் குரல்.

"இன்னொரு துண்டு தொதல் வைக்கட்டா? இனிப்புக் குடுக்கிறத உன்ட மகள் கண்டா என்னை வெட்டிப் போடுவாள்."

"அவள் எங்க காணப்போறாள். நான் இப்ப ஆத்தங்கரையில நடக்கிறன்." அப்பாவின் சிரிப்பு. எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

"எத்தின நாளைக்குத் தம்பி இப்பிடி ஒளிச்சி ஒளிச்சி வாறது?"

"நான் அதை எப்பவோ மறந்துட்டன் அக்கா. மகள்தான் விடுறாள் இல்ல. அவள்ட பிடிவாதம் தெரியும்தானே."

செருப்புகளைக் கையில் எடுத்தேன். எடுத்துக்கொண்டு போய்விடுவது என்றுதான் எடுத்தேன். தார் வீதியில் பஸ் நிறுத்தம்வரை வெறுங்காலோடு நடக்கட்டும்.

"மச்சாள்."

மாமியின் மகள் கதவில் நின்றாள். வயிறு தெரிந்தது.

"எத்தின மாசம்?" என்றேன்.

"ஆறு. மாமா சொல்லல்லையா?"

"இல்ல."

அவள் என் கையைப் பார்த்தாள். "அதக் கொண்டு போனா மாமா எப்பிடிகா வீட்ட வாற? காயம் வந்தா ஆறாதுதானே." பிறகு மெதுவாக, "பின்பட்டிய அம்மாதான் போட்டுவிடுவா. கவனமாத்தான் போடுவா" என்றாள், ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

நான் பூட்டி அனுப்பிய பட்டி இங்கே கழன்று, வேறு கையால் பூட்டப்பட்டு, மூன்று மாதமாக என்னிடம் திரும்பி வந்துகொண்டிருந்தது. என் ஃபோனில் இருந்த நேரமெல்லாம் இந்த வீட்டுக் கதிரையில் இருந்த நேரம்.

அவளுடைய காலும் ஊதியிருந்தது. புருஷனின் செருப்பைப் போட்டிருந்தாள்; நீளம் கூடி அகலம் கூடாத செருப்பு. சொல்ல வாய் வந்தது. பச்சைச் செருப்பைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்பா வழக்கமான பஸ்ஸில் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"நீ வந்தியாம்."

"ஓம்."

"உன்னட்டச் சொல்லப் பயமாக் கிடந்தது மகள்."

"என்ட பிடிவாதமெண்டு அங்க சொல்லப் பயமில்லையா?"

தன் பாதங்களைப் பார்த்தார். பிறகு, "அவளுக்கும் கால் ஊதுது. நீ ஒருக்கா அளவெடுத்து..." என்று தொடங்கினார்.

"அப்பா, மாமியோட எனக்கு இருந்தது உங்கட கோவம். என்ட கோவம் இண்டைக்குத்தான் துவங்கியிருக்கு. அது மாமியோட இல்ல."

சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். வாசலிலிருந்த இரண்டையும் என் காலாலேயே தள்ளி அவர் முன்னால் விட்டேன். போட்டுக்கொண்டார். மேல் பட்டியை ஒட்டினார். குதிப் பட்டிக்குக் குனிந்து பார்த்தார், எட்டவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை.

அவர் அறைக்குப் போகும்வரை அந்தப் பட்டி தரையில் அடித்துக்கொண்டே போனது.