பிண்டம் போற வழியிலே ஆளும் போகும்

கீரிமலைக் கரையிலே எள்ளும் தர்ப்பையும் விற்கிறவளுக்குக் கடல் தானாகவே பாடமாகிவிடும். ஆனால் விற்கிறவள் சொன்னால் ஆர் கேட்கிறார்கள்? கடலோரத்தில் கடை பரப்பியிருக்கிற உங்களுக்கும் இந்த எரிச்சல் தெரிந்திருக்கும். வேற்று ஆம்பிளையளோடு கதைக்க எனக்கு நாக்கு ஒட்டும். அப்படியும் வாய் திறந்தேன்.

அலையில்லாத துண்டு

இரண்டு பக்கமும் அலை வெள்ளையாய் உடையும். நடுவிலே ஒரு துண்டு மட்டும் அலையில்லாமல் கறுத்துக் கிடக்கும். கரைக்கு ஏறின தண்ணியெல்லாம் அந்த வழியாலேதான் திரும்பி ஓடும், ஆளையும் இழுத்துக்கொண்டு.

ஓர் ஆடி அமாவாசைக்கு ஒரு சுருட்டு முதலாளி நேரே அதிலேயே இறங்கினார். "ஐயா, அங்காலை தள்ளி இறங்குங்கோ" என்று சீலைத் தலைப்புக்குள்ளே சொன்னேன். நல்லகாலம், முழங்கால் தண்ணியோடே முழுகிவிட்டு ஏறினார். ஏறிவந்து கேட்டார்: "அலை அடிக்கிற இடத்திலை என்னை இறங்கச் சொல்லுறாய், உனக்கென்ன விசரோ?"

நல்ல சகுனம்

பிண்டத்தை அலையிலே விட்டால் கரைக்கே திரும்பி வரும். அது ஆகாதாம், செத்துப்போன தகப்பன் ஏற்கவில்லையாம். அந்தக் கறுத்த துண்டிலே விட்டால் விறுவிறென்று வெளியே போகும். அதனாலே சடங்கு செய்விக்கிற ஐயரே எல்லாருக்கும் அந்த இடத்தைத்தான் கைகாட்டுவார். விட்டவர் அதற்குப் பின்னாலேயே போய் முழுகுவார்.

ஒருநாள் ஐயரிடமே போனேன். "பிண்டத்தை இழுக்கிற தண்ணி ஆளை இழுக்காதோ, ஐயா?" என்று கேட்டேன். ஐயர் சொன்னார்: "பிள்ளை, பிதிர்கள் வாங்குகினம். நீ குறுக்கை கதையாதை!"

மூன்றாம் முழுக்கு

போன ஆடி அமாவாசைக்குச் சண்டிலிப்பாயிலிருந்து ஒருவர், மனிசியோடு வந்தார். ஐயர் காட்டிய இடத்திலேயே இறங்கினார். மூன்றாம் முழுக்கிலே கால் நிலம் விட்டது. கரையைப் பார்த்தே நீந்தினார். நீந்த நீந்தப் பின்னாலே போனார். கரையில் நின்ற ஆம்பிளையள் "நீந்து, நீந்து" என்றார்கள். அப்படி நீந்தினால் களைத்துத்தான் சாவு.

என் கைக்குழந்தையை அவருடைய மனிசியின் மடியில் போட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணி வரை அலைக்குள்ளே ஓடினேன். "கரைக்கு நீந்தாதையடா! பக்கத்தாலை போ! அலை உடையிற பக்கம் போ, மடையா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டது. பக்கவாட்டில் திரும்பினார். இழுவை விட்டது, அலையே அவரைத் தூக்கிக் கல்லிலே போட்டது.

முழங்கால் உரசி இரத்தம் ஒழுக, உப்புத்தண்ணியைக் கக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஊர்ச்சனத்துக்கு முன்னாலை ஒரு பொம்பிளை என்னை 'அடா' எண்டு கத்துறதோ?"

இன்றைக்கும் சண்டிலிப்பாய் முழுக்க என்னை அடக்கமில்லாதவள் என்று ஏசித் திரிய அந்த மனிசன் உயிரோடு இருக்கிறார், அது போதும்.