கலங்கி வந்த தண்ணீர்

ஈரக் களிமண்ணும் வியர்வையும் கலந்த ஒரு வாடை, நான் மூன்றாம் வகுப்பு படித்த அந்த ஆண்டு முழுக்க அம்மாவின் புடவையில் இருந்தது. பாகாலாவுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில், பெருமழை வந்தால் ஓடை பொங்கித் தெருவுக்குள் புகுந்துவிடும் என்பதால், ஊராரே கூடையில் மண் சுமந்து, காலால் மிதித்து, ஓடைக்குக் குறுக்கே ஒரு சிறிய மண் அணை எழுப்பினார்கள். நாங்கள் அதைக் "கட்ட" என்போம். அம்மாவும் மேரி அத்தையும் சேர்ந்தே மண் சுமந்தார்கள். நைனாவின், அதாவது என் அப்பாவின், தங்கையான அத்தை கணவனை இழந்தவள். பக்கத்து வீட்டில் தனியாக, ஓர் எருமையை நம்பிப் பிழைத்தவள்.

அடுத்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலை அணையைப் பார்க்கப் போன அம்மா, ஓடிவந்து தெருவில் நின்று கத்தினாள்.

"நேத்து கசிஞ்ச தண்ணி தெளிவா இருந்துச்சு, இப்ப கலங்கிகினு வருது. கட்ட உள்ளாற கரையுது. எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்க!"

"நாம மிதிச்ச மண்ணு, எங்க போயிடும்?" என்று நைனாவே சிரித்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

அத்தையின் எருமை அப்போது கன்று ஈன்றுகொண்டிருந்தது. "நீ பசங்கள இட்டுகினு போ அண்ணி. காலு வெளிய வந்துடுச்சு, கொஞ்ச நேரந்தான்" என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நான் பயத்தில் வீறிட்டு அழுதேன். அம்மா அந்தக் கையை விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டாள்.

மேட்டிலிருந்த தேவாலய வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது, அணை நடுவில் ஒரு மாட்டுவண்டி நுழையும் அளவுக்கு உடைந்து, செம்மண் நீர் பாய்ந்தது. எங்கள் வரிசையில் கூரைகள் மட்டுமே தெரிந்தன.

அத்தையின் உடல் மறுநாள் ஒரு கருவேல மரத்தடியில் கிடைத்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்ததால் எருமை நீந்திக் கரையேறியிருந்தது, கன்று கிடைக்கவில்லை. நைனா அந்த எருமையைச் சந்தையில் விற்கும்வரை அம்மா அதன் பக்கமே போகவில்லை. என்னை அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனால் அதன்பிறகு நான் அழுதால் மட்டும், எழுந்து வெளியே போய்விடுவாள்.

பல ஆண்டுகள் கழித்து, இந்தக் கோடையில் அங்கே போயிருந்தேன். அணையை யாரும் மீண்டும் கட்டவில்லை. மிச்சமிருந்த மண்ணையும் செங்கல் சூளைக்கு அள்ளிவிட்டார்கள். ஓடையைத் தூர்த்து மனை பிரித்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த ஓர் இளம் தம்பதியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள்.

"இங்க ஓடையே இல்லியேக்கா, தண்ணி எங்கருந்து வரும்?"

ஓடை வந்த திசையில் கையை நீட்டினேன். அங்கே வரிசையாக வீடுகள்தான் தெரிந்தன.